சொல்லாமல் வந்தவர்கள்

1995ஆம் ஆண்டு டிசெம்பர் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. சுவிஸின் ஓல்டன் நகரில் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான கூடத்தில் அறுபது நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஐம்பத்தொன்பது காலியாக இருந்தன. அறுபதாவதில் தில்லைநாயகி உட்கார்ந்திருந்தாள்.

மேசையில் எண்பது ரோல்ஸ், முந்தின நாள் முழுவதும் நின்று பொரித்தவை. பக்கத்தில் இரண்டு பெரிய தேநீர்க் குடுவைகள், ஒரு புதுக் குறிப்புப் புத்தகம். முதல் பக்கத்தில் ‘வருகை தந்தோர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

இரண்டரைக்குக் கூடத்தின் காவலாளர் ஹெர் வீஸ் எட்டிப் பார்த்தார். மூன்று மணிக்கும் பார்த்தார். மூன்றே காலுக்கு உள்ளே வந்து நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். அவளும் எழுந்து மடித்தாள்.

“போன வருடம் முயல் வளர்க்கிறவர்களின் சங்கத்துக்கும் இப்படித்தான்” என்றார் அவர். “நாலு பேர்தான் வந்தார்கள்.”

நாலு பேராவது வந்தார்களே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆறு ரோல்ஸைக் கடுதாசியில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு, கூரை போட்ட மரப்பாலத்தால் ஆரே ஆற்றைக் கடந்து வீட்டுக்கு நடந்தாள். பனி தூறத் தொடங்கியிருந்தது. எழுபத்து நாலு ரோல்ஸும் குளிர்பெட்டியின் மேல்தட்டுக்குப் போயின.

அப்போது தில்லைநாயகிக்கு நாற்பத்து நாலு வயது. சாவகச்சேரிக்காரி. கலியாணம் ஆகவில்லை. ஓல்டனுக்கு வந்து ஆறு வருடம். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. நூற்றுப் பத்துப் பேருடைய உடுப்பு அவள் கையால் போய் வரும். ஒவ்வொரு காலுறையிலும் உரியவரின் பெயர் நாடாவைத் தைப்பதும், ஆள் இறந்துபோனால் அதைப் பிரித்தெடுப்பதும் அவள் வேலைதான். ஜெர்மன் மொழியையும் அங்கிருந்த கிழவர்களிடமும் கிழவிகளிடமும்தான் பிடித்தாள். அதனால் அவள் அலுவலகங்களில் வாய் திறந்தால் மேசைக்கு அப்பால் இருக்கிற இளம்பெண்கள் சிரிப்பார்கள். அவள் பேசியது எண்பது வயது ஜெர்மன். ஆனால் பிழையில்லாதது, வாசிக்கவும் தெரியும். ஓல்டன் தமிழர்களில் அப்போது அப்படி வேறு ஒருவரும் இல்லை.

இது வெளியே தெரிந்துவிட்டது. ஓல்டனில் எல்லா ரயிலும் நிற்கும். பேர்ண் கோயிலுக்குப் போகிறவர்களும், ஓர்லிகோனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களும் நிலையத்தின் சுரங்கப்பாதையால் நடந்துதான் ரயில் மாறவேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அங்கே டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பாள். சனம் கடிதங்களோடு வரும். முகவரி மட்டும் தெரிகிறபடி முகப்பில் கண்ணாடித்தாள் ஒட்டிய உறைகள். அகதி அலுவலகமும் வரிக்காரரும் காப்புறுதிக்காரரும் அனுப்புகிற ‘ஜன்னல் கடிதங்கள்’. அவள் வாசித்துச் சொல்வாள். அவர்கள் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம்தான் அவள் தமிழில் கதைப்பது. அதிலும் பாதி ‘கெடு’, ‘நிராகரிப்பு’, ‘மேன்முறையீடு’ பற்றியது.

ஒரு சனிக்கிழமை புனிதவதி என்ற பெண் கடிதம் ஒன்றோடு வந்தாள். பதில் போட முப்பது நாள் கெடு. அவள் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்து எடுத்து வந்தது நாற்பத்தோராம் நாள்.

“உடைச்சுப் பாக்கப் பயமாக் கிடந்ததக்கா” என்றாள். “பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் எண்டு வைச்சனான்.”

அந்தக் குடும்பம் கோடைக்கு முன்பே ஓல்டனை விட்டுப் போய்விட்டது. எங்கே என்று எவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் தில்லைநாயகிக்கு ஓர் அறை வேண்டும் என்ற எண்ணம் வந்தது. வாரத்தில் ஒரு மாலை. மேசை, தேநீர், சூடு. சனம் கடிதத்தோடு வரும், அவசரமில்லாமல் இருக்கும், கதைக்கும். கடிதம் இல்லாவிட்டாலும் வரும். இந்தக் கடைசிப் பகுதியை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

சலவைப் பகுதிப் பொறுப்பாளர் ஃபிறவ் ஹுபரிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள். ஃபிறவ் ஹுபர் மூன்று சங்கங்களில் செயலாளர். “சுவிஸில் தனி ஆளுக்கு அறை தரமாட்டார்கள். சங்கத்துக்குத் தருவார்கள்” என்றார். தேவாலயத்து அலுவலகத்தோடும் அவரே பேசினார். செவ்வாய் மாலைகள் பெப்ரவரி ஆறாம் திகதியிலிருந்து காலி. சங்கத்தின் விதிகளும் இருபது அங்கத்தவர்களின் கையெழுத்தும் ஜனவரி இருபத்தாறாம் திகதிக்குள் வந்தால் அறை இலவசம். வராவிட்டால் ஒரு நடன வகுப்புக் காத்திருக்கிறது.

“அழைப்பு எழுத்தில் போகவேண்டும்” என்றார் ஃபிறவ் ஹுபர். “பத்து நாளுக்கு முன். நிகழ்ச்சி நிரலோடு. அதுதான் ஒழுங்கு.”

தில்லைநாயகி ஒழுங்காகச் செய்தாள். முகவரிகளை இல்லத்து அலுவலகத் தட்டச்சில் அடித்தாள். ஃபிறவ் ஹுபர் கொடுத்த மிச்ச உறைகளில் போட்டு, அறுபத்திரண்டு வீடுகளுக்கு அனுப்பினாள்.

நாற்காலிகள் காலியாகக் கிடந்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை. சுரங்கப்பாதையில் முதலில் வந்தவர் தம்பித்துரை. அறுபது தாண்டியவர், உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர். கோட்டின் உட்பையிலிருந்து பத்திரமாக ஓர் உறையை எடுத்தார்.

“பிள்ளை, இதொண்டு வந்து கிடக்கு. ரெண்டு கிழமைக்கு மேலை. நான் உடைக்கேல்லை. நீ பாத்துச் சொல்லு. திருப்பி அனுப்பப் போறாங்களோ?”

ஜன்னல் வைத்த உறை. உள்ளே தெரிந்த முகவரியில் ‘t’ வருகிற இடத்தில் எழுத்துச் சற்றே மேலே ஏறியிருந்தது. இல்லத்துத் தட்டச்சின் பழுது. அவள் உறையைப் பிரிக்கவில்லை.

“அண்ணை, இது நான் போட்ட கடிதம்.”

“நீயோ? நீ ஏன் எனக்கு ஜன்னல் கடிதம் போடுறாய்?”

“கூட்டத்துக்கு வரச்சொல்லி.”

தம்பித்துரை உறையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “பதினைஞ்சு நாள் நித்திரை இல்லை எனக்கு” என்றார். “கடிதம் போட்டுக் கூப்பிடுறது கோர்ட்டுக்கடி பிள்ளை. மனிசரை வந்தெல்லோ கூப்பிடவேணும்.”

பின்னால் நின்ற சிவலிங்கம் சிரித்துவிட்டான். தபால் பொதி பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறவன். ஓர்லிகோனுக்குப் போக மனைவி கஜலக்சுமியோடு வந்திருந்தான்.

“நாங்கள் உடைச்சுப் பாத்தனாங்களக்கா. அஞ்சாவது, ‘ஏனையவை’ எண்டு கிடந்தது. அந்த ஏனையவை நாங்கள்தானோ எண்டு இவ கேக்கிறா.”

“வாயை மூடப்பா” என்றாள் கஜலக்சுமி.

“உடைச்சுப் பாத்தனீங்கள்தானே. பின்னை ஏன் வரேல்லை?” என்று தில்லைநாயகி கேட்டாள்.

சிவலிங்கத்தின் சிரிப்பு அடங்கியது. “நீங்கள் வந்து சொல்லேல்லையே அக்கா. கடிதத்தைக் கண்ட உடனை ஓடி வந்து நிண்டால் சனம் என்ன சொல்லும்? சோத்துக்கு வந்ததுகள் எண்டெல்லோ.”

அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. நல்லதென்றால் வீட்டுக்கு வந்து சொன்னால்தான் போவது. கெட்டதென்றால் காதில் விழுந்தாலே போவது. நிறைந்த கடிதப்பெட்டி உள்ள ஊரில் ஆறு வருடம் இருந்ததில் அவளுக்கு அது மறந்துவிட்டது. கடிதத்துக்குப் பயப்படுகிற சனத்துக்காக ஓர் அறை கேட்டவள், அதே சனத்தைக் கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள்.

“சரி, வீடு வீடா வந்து சொல்லுறன்” என்றாள்.

“இப்ப வேண்டாம்” என்றார் தம்பித்துரை. “மார்கழி பிறக்கப் போகுது. மார்கழியிலை ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமோ? தை பிறக்கட்டும்.”

மார்கழி முழுவதும் அவள் காத்திருந்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு இல்லத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் வந்து பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்; சலவை குறைவு, கட்டடம் அமைதி. மதியம் அவள் தனியே இருந்து சாப்பிட்டாள். புதுவருடத்தன்று தொலைபேசி அடித்தது. தவறான இலக்கம். மறுமுனையில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டு, நல்ல வருடமாக அமையட்டும் என்றும் வாழ்த்தினார். அவளும் வாழ்த்தினாள்.

தை பிறந்த மறுநாள், ஜனவரி பதினாறு, வேலை முடிந்ததும் தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் சந்தனமும் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். நாலு மாலைகளில் பத்தொன்பது வீடுகள். கூட்டம் இருபத்தோராம் திகதி, ஞாயிறு. எல்லோரும் தட்டைத் தொட்டு, கற்கண்டு எடுத்து, “ஓம், வாறம்” என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் கதவைத் திறந்த பெண் அவளுடைய தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தாள்.

“ஆரோடை வந்தனீங்கள்?”

“தனியத்தான்.”

“ஓ” என்றாள் அந்தப் பெண். சொல்ல வருகிறவர்கள் சோடியாகத்தான் வருவது வழக்கம். அவளும் கற்கண்டு எடுத்தாள்.

இருபதாம் திகதி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இந்த முறை இலக்கம் சரி. கொழும்பிலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர். அவளுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவர், அண்ணன் சண்முகநாதன், சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கியிருந்தவர், காய்ச்சலில் இறந்துவிட்டார். ஒன்பதாம் திகதி. செய்தி வெளியே வரப் பதினொரு நாள் எடுத்திருக்கிறது.

அழுகை வருவதற்கு முன் அவள் விரல்களில் எண்ணினாள். கலியாணம் ஆகாத தங்கைக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. ஒன்பதிலிருந்து எண்ணினால் பெப்ரவரி எட்டாம் திகதிதான் கழியும். அதுவரை எந்த நல்ல காரியத்தையும் அவள் தொடங்கக்கூடாது; எவர் வீட்டுப் படியும் ஏறக்கூடாது. கையெழுத்துக் கெடு இருபத்தாறு.

எண்ணி முடித்த பிறகு வெட்கம் வந்தது. அதன் பிறகுதான் அழுதாள்.

பதினொரு மணிபோலச் சிவலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். “நாளைக்குக் கூட்டம் இல்லை, தம்பி. எல்லாருக்கும் சொல்லிவிடு. என்ரை அண்ணை மோசம் போயிட்டார்.”

“ஓமக்கா” என்றான். வைத்துவிட்டான். அவ்வளவுதான். சங்கம் முடிந்தது, அறையும் முடிந்தது என்று அவள் நினைத்தாள். பாஸ்போர்ட் அளவில் இருந்த அண்ணனின் ஒரே படத்தை அலுமாரியின் மேல் சாய்த்து வைத்து, ஒரு விளக்கை ஏற்றினாள். அன்று வேறு எவரும் அழைக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. வாசலில் தம்பித்துரை. சப்பாத்தைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் ‘ஆரோடை வந்தனீங்கள்?’ என்று கேட்ட பெண், தன் புருஷனோடும் பிள்ளைகளோடும். பத்து மணிக்கு அவளுடைய ஒற்றை அறையில் நிலம் தெரியவில்லை. ஆண்கள் படிக்கட்டில் இறங்கி நின்றார்கள். ஆராவிலிருந்து வந்தார்கள், ஸோலோதூர்ணிலிருந்து வந்தார்கள். அவள் கடிதம் போட்டும் வராதவர்கள், கடிதமே போடாதவர்கள். எவரையும் எவரும் அழைக்கவில்லை.

சப்பாத்துகள் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கின. அங்கே குடியிருந்த சுவிஸ் அம்மா கதவைத் திறந்தார். பார்த்தார். “என்ன விழா?” என்று கேட்டார். “சகோதரர் இறந்துவிட்டார்” என்று எவரோ சொன்னார்கள். அவர் உள்ளே போய் வானொலியை நிறுத்தினார். திரும்பி வந்து, தன் கதவை அடைத்துக் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சோடியாகச் சுவரோடு ஒதுக்கி வைத்தார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சோறும் கறியும் வெளியிலிருந்து சட்டி சட்டியாக வந்தன. கஜலக்சுமி பால் வைப்பதற்குக் குளிர்பெட்டியைத் திறந்தவள் மேல்தட்டில் பனி பிடித்த பைகளைக் கண்டாள்.

“அக்கா, இவ்வளவு ரோல்ஸ்! ஆருக்கு இது?”

தில்லைநாயகி நிலத்தில் படத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்குத்தான்” என்றாள். “டிசெம்பர் மூண்டாம் திகதிக்குச் செய்தது.”

கஜலக்சுமி குளிர்பெட்டிக் கதவை மெல்லச் சாத்தினாள். சாத்திய கையோடு கேட்டாள்:

“அந்தச் சங்கக் காயிதம் எங்கை வைச்சிருக்கிறியள்?”

“இப்ப அது வேண்டாம்.”

“எங்கையெண்டு கேட்டனான்.”

அலுமாரி லாச்சியில் இருந்தது. கஜலக்சுமி எடுத்து விரித்ததும் தம்பித்துரை எழும்பிவிட்டார்.

“என்ன வேலை பாக்கிறாய் நீ? துடக்கு வீட்டுக்குள்ளை நல்ல காரியம் தொடங்கிறதோ? விளங்குமோ அது?”

பலர் தலையாட்டினார்கள். தில்லைநாயகியும் ஆட்டினாள். அவளுக்கும் அதே எண்ணம்தான்.

“கெடு வெள்ளிக்கிழமை, அண்ணை” என்றான் சிவலிங்கம்.

“கெடுவுக்காகச் சாத்திரத்தை விடுறதோ?”

“கையெழுத்து வைக்கிறது நல்ல காரியம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” கஜலக்சுமி கேட்டாள். “இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து எத்தினை காயிதத்திலை வைச்சனீங்கள். ஒண்டாவது நல்லதா முடிஞ்சதோ?”

எவரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். செத்தவீட்டில் சிரிக்கக்கூடாதென்று அந்த இருமல் நாலைந்து பேருக்குத் தொற்றியது.

காயிதம் சுற்றி வந்தது. மடியில் வைத்து, சுவரில் வைத்து, ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துக் கையெழுத்திட்டார்கள். தம்பித்துரை அறைக்குள் வைக்க மறுத்தார். கதவுக்கு வெளியே போய், படியில் இருந்து, முழங்காலில் காயிதத்தை விரித்து வைத்தார். “வாசலுக்கு இங்காலை துடக்கில்லை” என்றார். முப்பத்தேழு பெயர்.

தில்லைநாயகி பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

“நீ வேண்டாம், பிள்ளை” என்றார் தம்பித்துரை. குரல் தணிந்திருந்தது. “கோவிக்காதை. உன்ரை கையாலை இப்ப வேண்டாம். சங்கம் நல்லா நடக்கவேணுமெல்லோ?”

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஓம் அண்ணை” என்றாள்.

மாலை நாலு மணிக்குச் சனம் கலையத் தொடங்கியது. செத்தவீட்டில் போகும்போது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுவதாகும். ஒவ்வொருவராக எழும்பினார்கள், அவளைப் பார்க்காமல் வாசல் கடந்தார்கள், சப்பாத்தைத் தேடினார்கள். கஜலக்சுமி சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதேபோலப் போனாள். அவ்வளவு பேர் இருந்த அறை ஒரு சொல் இல்லாமல் காலியானது. கடைசியாகப் போனவர் யார் என்று தில்லைநாயகி கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. எழும்பிப் போய்ச் சாத்தினாள்.

புதன்கிழமை அவள் காயிதத்தைத் தேவாலயத்து அலுவலகத்தின் கடிதப்பெட்டிக்குள் போட்டாள். செயலாளர் பெண் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தார். “எல்லாம் சரி. ஆனால் உங்கள் பெயரைக் காணவில்லையே?”

“பிறகு வரும்” என்றாள் தில்லைநாயகி.

பெப்ரவரி ஆறாம் திகதி, செவ்வாய், அறை திறந்தது. தம்பித்துரை பிள்ளையார் படம் வைத்து விளக்கேற்றினார். சாமி வைத்த இடத்துக்குள் துடக்குக்காரி போவதில்லை. அன்று அவளுக்கு இருபத்தொன்பதாம் நாள். வேலை முடிந்து நேரே வீட்டுக்குத்தான் போக நினைத்தாள். ஆனாலும் ஆறு மணிபோல அந்தத் தெருவால் வந்து, எதிர்ப்புற நடைபாதையில் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஜன்னல் முழுக்க வெளிச்சம். தலைகளை எண்ணினாள். இருபத்தாறு. கஜலக்சுமி எதையோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் வெளியே வரவில்லை.

சிவலிங்கம்தான் அவளைக் கண்டான். ஜன்னலைத் திறந்தான்.

“அக்கா! அங்கை நிண்டு என்ன செய்யிறியள்?”

“சும்மா வந்தனான். நீங்கள் இருங்கோ.”

“எட்டுக் கடிதம் வந்து கிடக்கு. ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. ஒண்டிலை ஏழாம் திகதி எண்டு கிடக்கு. அது நாளைக்கெல்லோ?”

அவள் தெருவைக் கடந்தாள். ஜன்னலுக்குக் கீழே, நடைபாதையில் நின்றாள். உள்ளேயிருந்து ஒவ்வொரு கடிதமாக நீட்டினார்கள். கையில் கை படாமல் விளிம்பில் பிடித்து வாங்கி, தெருவிளக்கடியில் போய் வாசித்து, வந்து சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். ஏழாம் திகதிக் கடிதம் ஒரு நேர்காணலுக்கான அழைப்பு. காலை எட்டே காலுக்கு, பேர்ணில். உரியவன் உடனே ரயில் நேரம் பார்க்க ஓடினான். எட்டும் முடிந்ததும் கஜலக்சுமி ஒரு கோப்பைத் தேநீரை ஜன்னற்படியில் வைத்தாள். அவள் அதை நின்றபடியே குடித்தாள். குளிர் உள்ளே போகிறதென்று எவரோ சொல்ல, சிவலிங்கம் ஜன்னலைச் சாத்தினான். காலிக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு அவள் பாலத்துப் பக்கம் நடந்தாள்.

வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள் முடிந்தது. வெள்ளி அவள் பேர்ண் கோயிலுக்குப் போய் அண்ணனின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தாள். அடுத்த செவ்வாய், பதின்மூன்றாம் திகதி, மாலை ஐந்தரைக்கு ஹெர் வீஸ் அவளிடம் சாவியைக் கொடுத்தார். அன்று அங்கத்தவர் பட்டியலில் முப்பத்தெட்டாவதாக அவள் பெயர் எழுதப்பட்டது.